ஆறடி உயர ரகசியம்

“தட்டிப் பாருங்க சார், கணீர்னு இருக்கும்” என்றார் விற்பனையாளர்.

பீரோக்காரர் தட்டிப் பார்த்தார். கணீர் என்றெல்லாம் இல்லை. பிஸ்கட் டின்னுக்கு அண்ணன் முறை வரக்கூடிய தகடு. கீல் பற்றவைத்த இடம் ஜலதோஷம் பிடித்த மூக்கு மாதிரி வழிந்து நின்றது. இப்படி ஒரு பீரோ தன் கடையில் தயாராகியிருந்தால் அதைக் கண்ணாலேயே எரித்திருப்பார். ஆனால் இன்றைக்கு அவர் பீரோக்காரர் இல்லை. தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, முகத்தில் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாஸ்க். பஸ் மாறி பஸ் ஏறி, தன்னைத் தெரியாத ஊருக்கு வந்து, தன் தொழிலையே செய்யும் இன்னொருவரிடம் முழு விலைக்கு பீரோ வாங்க நிற்கும் ஒரு சாதாரண மனிதர்.

“நல்ல கனம்” என்றார். நாக்கு கொஞ்சம் கூசியது.

“அந்துப்பூச்சி அண்டாது. துரு ஏறாது. திருடன் வந்தா கை வலிச்சுத் திரும்பிப் போயிடுவான்.”

அதே வாக்கியங்கள், அதே ஏற்ற இறக்கம். அடுத்து தங்கச்சி வருவாள் என்று பீரோக்காரர் காத்திருந்தார்.

“என் சொந்தத் தங்கச்சிக்கே இதைத்தான் சார் குடுத்தேன்.”

வந்துவிட்டாள். பீரோக்காரருக்குக் கூடப் பிறந்த தங்கை கிடையாது. ஆனாலும் அந்தத் தங்கைக்கு அவரும் வருஷக்கணக்காக பீரோ கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்.

“சரி, போட்டுடுங்க” என்றார்.

“பேரு சார்?”

“பேரெல்லாம் வேண்டாம். இந்த விலாசத்துல ஒரு தையல்காரம்மா இருக்காங்க. வாசல்ல இறக்கிட்டு வண்டி போயிட்டே இருக்கணும்.”

“யார் அனுப்பினதுன்னு கேட்டா?”

“தெரியாதுன்னு சொல்லணும்.”

“எனக்கு நெஜமாவே தெரியாதே சார்!”

“அதான் வேணும். அப்படியே இருங்க.”

விற்பனையாளர் சாவியை அவர் கையில் கொடுத்தார். பீரோக்காரர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கடைக்குள் பீரோ சாவி கைக்கு வந்தால் பையில் போட்டுக்கொள்வது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. அது எத்தனை பெரிய வினை என்பது அப்போது தெரியவில்லை.

இத்தனை கூத்து எதற்கு என்றால், அதற்குப் போதகர்தான் பொறுப்பு.

பீரோக்காரரின் நெஞ்சு ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போதகர் செல்வத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். இங்கே சேர்த்து வைப்பதைப் பூச்சி தின்னும், துரு தின்னும், மிச்சத்தைத் திருடன் கொண்டுபோவான், சேர்ப்பதை மேலே சேருங்கள் என்றார். மூன்றும் பீரோக்காரரின் கடை போர்டில் அதே வரிசையில் இருந்தன. போதகர் கடை வாசலில் நின்று குறிப்பெடுத்துக்கொண்டு போயிருக்கிறாரோ என்று அவருக்குச் சந்தேகம். அதோடு விட்டாரா? தர்மம் செய்கிறவன் தம்பட்டம் அடித்தால் அந்தப் பாராட்டுதான் கூலி, கூலி இங்கேயே பட்டுவாடா ஆகிவிட்டது, மேலே போய்க் கை நீட்டக் கூடாது என்றார்.

பீரோக்காரர் மெல்லத் தலையை உயர்த்தி மேலே பார்த்தார். பரலோகம் தெரியவில்லை. மின்விசிறி தெரிந்தது. அவர் சபைக்குக் கொடுத்தது. மூன்று இறக்கையிலும் அவர் பெயர். சுழன்றால் பெயர் தெரியாது என்பதால், எவ்வளவு புழுக்கமானாலும் அது நின்றிருப்பதையே அவர் விரும்புவார். தண்ணீர் டிரம்மில் அவர் பெயர். செருப்பு வைக்கும் அலமாரியில் அவர் பெயர். இதுவரை கொடுத்த எல்லாவற்றுக்கும் கூலி வாங்கியாகிவிட்டது.

பிரசங்க முடிவில் போதகர், “ஆனா இரட்சிப்பு நீங்க குடுத்து வாங்குறது இல்லை, அது இலவசம்” என்றும் சொன்னார். அது பீரோக்காரர் மனதில் ஒட்டவில்லை. அவர் வியாபாரி. இலவசம் என்றால் சரக்கில் ஏதோ கோளாறு.

பிறகு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்தது. சக்கரக் கட்டிலில் தள்ளிக்கொண்டு போகும்போது, மேலே ஓடிய விளக்குகளைப் பார்த்தபடி அவர் மனதுக்குள் சொன்னார்: ‘ஆண்டவரே, பிழைச்சு வந்தா ஒரே ஒரு நல்ல காரியம். போர்டு இல்லாம, பேரு இல்லாம. உமக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சு.’

பிழைத்து வந்தார். வந்த பிறகு அவருக்கு எல்லாமே அதிசயமாக இருந்தது. குழாயில் தண்ணீர் வந்தால் நன்றி. மாடிப்படியில் மூச்சு வாங்காமல் ஏறினால் நன்றி. மனைவி திட்டினால், திட்டைக் கேட்கக் காது இருப்பதற்கு நன்றி. பக்கத்து அறையில் குறட்டை விடும் மச்சினனுக்காகக்கூட ஒருநாள் நன்றி சொல்லிவிட்டு, பிறகு அதிகப்படியோ என்று யோசித்தார்.

யாருக்குக் கொடுப்பது என்பதில் குழப்பம் இருக்கவில்லை. தெருக்கோடியில் ஒற்றை அறையில் இருக்கிறார் தையல்காரம்மா. கணவர் இல்லை. மரச் சட்டத்தைக் கரையான் தின்று, அதில் தொங்கிய வாடிக்கைக்காரர் ஒருவரின் கல்யாண உடுப்பைப் பூச்சி அரித்து, அந்த உடுப்பைத் தன் செலவில் புதிதாகத் தைத்துக் கொடுத்திருந்தார். இன்னும் ஒரு துணி போனால் ஊசியை ஓரமாக வைத்துவிட வேண்டியதுதான் என்று ஆபரேஷனுக்கு முன்பே மனைவிதான் சொல்லியிருந்தாள். தன் கடை பீரோவைக் கொடுத்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். அதனால்தான் வெளியூர்.

காலையில் கிளம்பியபோது மனைவி எங்கே என்று கேட்கவில்லை. அதுவே பெரிய அதிர்ஷ்டம்.

“டாக்டர் நடக்கச் சொன்னாரே, அதான்...” என்று இழுத்தார்.

“நடங்க, நடங்க. தொப்பியை எடுத்துக்கங்க. பஸ்ல ஜன்னல் ஓரமா உக்காருங்க” என்றாள்.

நடப்பவனுக்கு எதற்கு பஸ் என்று அவருக்குப் பாதி வழியில்தான் தோன்றியது.

*

பீரோ மறுநாள் வந்தது. வாசலில் இறங்கியது. வண்டி போயிட்டே இருந்தது. சொன்னபடி எல்லாம் நடந்தது. ஒரே ஒரு விஷயம். தையல்காரம்மாவின் கதவுக்குள் பீரோ நுழையவில்லை.

‘பீரோ பார்க்குறதுக்கு முன்னாடி வாசலை அளந்துட்டு வாங்க’ என்று வருகிற ஒவ்வொருவருக்கும் பாடம் நடத்துகிற மனிதர் வாசலை அளக்கவில்லை. கொஞ்சம் சாய்த்து, பீரோவின் கதவைக் கழற்றி நுழைத்தால் போகும். ஆனால் கதவைக் கழற்ற முதலில் திறக்க வேண்டும். திறக்கச் சாவி வேண்டும். சாவி பீரோக்காரரின் சட்டைப் பையில், நெஞ்சுத் தையலுக்கு மேலே உறுத்திக்கொண்டிருந்தது.

ஆக, பூட்டிய பீரோ ஒன்று தெருவில் நட்டமாக நின்றது.

பீரோக்காரர் ஒன்றும் தெரியாதவர் போல் அந்தப் பக்கம் நடந்தார். சலவைக்கடைக்காரர் வாசலில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தார்.

“என்னப்பா, தெருவுல என்னமோ நிக்குது?”

“எங்கண்ணே?” என்றார் சலவைக்கடைக்காரர், பீரோவுக்கு நேராக நின்றுகொண்டு.

“அதோ, பீரோ.”

“ஓ, அதுவா. ஆமாண்ணே. வெயில் ஜாஸ்தி இல்லே இன்னிக்கு?”

பீரோக்காரருக்குச் சுருக்கென்றது. தெருவில் ஒரு பீரோ நிற்கிறது. தெருவில் பீரோ பற்றித் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர். அவரிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்த ஊர்ச் சரக்கு, என்ன தகடு, ஒன்றும் கேட்கவில்லை. நெஞ்சைத் திறந்து மூடியதோடு மனிதனின் மரியாதையையும் எடுத்துவிட்டார்களா?

சாவியைச் சேர்க்க அன்று மாலையே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு சட்டையில் பொத்தானைப் பிய்த்தார். சாவியை அதன் பையில் போட்டு மடித்து, தையல்காரம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். சட்டையை உதறுவார், சாவி விழும், பீரோவில் போட்டுப் பார்ப்பார். யார் சட்டையிலிருந்து விழுந்தது என்பது நினைவிருக்காது. எத்தனை பேர் சட்டை வருகிறது!

மறுநாள் சட்டை வந்தது. பொத்தான் கச்சிதமாக இருந்தது. மேலே சின்னப் பொட்டலத்தில் சாவி.

“அண்ணா, உங்க சாவி பாக்கெட்லேயே இருந்துடுச்சு” என்றார் தையல்காரம்மா. முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

‘ஒரு நிமிஷம் நின்னு, ஆபரேஷனுக்கு அப்புறம் எப்படி இருக்கீங்கன்னு கேக்கக் கூடாதா?’ என்று பீரோக்காரர் மனைவியிடம் குறைபட்டுக்கொண்டார்.

“அவங்களுக்கு என்ன அவசரமோ” என்றாள் மனைவி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. இருமல் என்று நினைத்தார்.

அன்று இன்னொரு விசித்திரமும் நடந்தது. ஆஸ்பத்திரியில் இளைத்துப்போனதால் இடுப்பில் நிற்காமல் நழுவிக்கொண்டிருந்த அவர் கால்சட்டைகள் எல்லாம், அலமாரியில் இருந்தபடியே அளவாகிவிட்டிருந்தன.

“இது எப்படிடி?”

“துவைச்சதுல சுருங்கியிருக்கும்.”

“இடுப்பு மட்டுமா சுருங்கும்?”

“சுருங்கினதுக்கு நன்றி சொல்லுங்களேன். எதுக்கெடுத்தாலும் சொல்லிக்கிட்டுதானே இருக்கீங்க!”

சொன்னார்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்தத் தகட்டுக்கு ஒரு மழை போதும் என்று அவருக்குத் தெரியும். ‘துரு ஏறாது’ என்று அந்த விற்பனையாளர் சொன்னபோதே, அது எந்த அளவுக்கு உண்மை என்பது சொந்த அனுபவத்தில் தெரியும். விடியும் முன்னே எழுந்து, கடையிலிருந்து பெரிய தார்ப்பாயை எடுத்துவந்து பீரோவைப் போர்த்திக் கயிறு கட்டினார். பத்தடி தள்ளி நின்று பார்த்தார். தார்ப்பாயின் குறுக்கே, முழ உயர எழுத்தில், அவருடைய கடைப் பெயர்.

அவிழ்த்து, உள்பக்கத்தை வெளியே திருப்பிக் கட்டினார். மெல்லிய தார்ப்பாய். வெயில் வந்ததும் எழுத்தெல்லாம் இடம் வலம் மாறித் தெளிவாகத் தெரிந்தது.

நாள் முழுக்கத் தெரு அதைக் கடந்து போனது. பால்காரர் போனார், சலவைக்கடைக்காரர் போனார், போதகரே சைக்கிளில் போனார். ஒருத்தரும் அண்ணாந்து பார்க்கவில்லை. தெருவுக்கே ஒரே நேரத்தில் எழுத்து மறந்துவிட்டதா என்று பீரோக்காரர் வியந்து, அதற்கும் ஒரு நன்றி சொன்னார்.

ஆனால் தெருவுக்கு வெளியே ஆட்கள் உண்டு. போர்த்திக் கட்டிய ஆறடிப் பொருள் ஒன்று நடுத்தெருவில் நிற்பது போகிற வருகிறவர்களுக்கு நல்லதாகப் படவில்லை. யாரோ புகார் சொல்லிவிட்டார்கள். நகராட்சி அதிகாரி வந்தார். பின்னால் குப்பை லாரி வந்தது.

“யாருது இது?” என்றார் அதிகாரி.

தெருவே குனிந்து தன் செருப்பைப் பார்த்தது.

“தையல்காரம்மா, உங்க வாசல்ல நிக்குது. உங்களுதா?”

“யாரோ... குடுத்தாங்க சார்.”

“யாரோன்னா? பேரு இல்லாத சாமான் எல்லாம் கேட்பாரற்ற சாமான். பூட்டியிருக்கு வேற. உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? குடுத்தவங்க முன்னால வந்து எங்களுதுன்னு சொன்னா விட்டுடறேன். இல்லேன்னா லாரியில ஏத்திப் பழைய இரும்புக்குப் போயிடும்.”

தையல்காரம்மாவின் முகம் வெளுத்தது. கூட்டத்தின் பின்னால் நின்ற பீரோக்காரரின் முகம் அதைவிட வெளுத்தது.

வாயைத் திறந்தால் மேலே இருக்கிற ஒரே சேமிப்பு போச்சு. திறக்காவிட்டால் அந்தம்மாவின் பீரோ போச்சு. பரலோகமா, பழைய இரும்பா? லாரியிலிருந்து ஆட்கள் இறங்கிக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். தையல்காரம்மா தன் வீட்டுக்குள் கொடியில் தொங்கும் துணிகளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை பீரோக்காரரால் தாங்க முடியவில்லை. போகட்டும், ஆண்டவர் மன்னிப்பார் என்று ஒரு அடி முன்னால் வைத்து, “சார்...” என்று ஆரம்பித்தார்.

“சார், அது எங்க குடும்பத்துல வாங்கிக் குடுத்தது சார்!” என்றது பக்கத்திலிருந்து ஒரு குரல்.

மச்சினன்.

வேலை தேடுகிறேன் என்று வந்து, தேடும் அவசரமே இல்லாமல் அவர் வீட்டிலேயே தங்கிவிட்ட மச்சினன். அவருடைய பல்துலக்கும் பேஸ்டை நடுவில் அமுக்குகிற மச்சினன்.

“நீங்க வாங்கினதா?” என்றார் அதிகாரி.

“எங்க வீட்டுலேருந்துதான் சார்” என்று மச்சினன் தலையைக் குனிந்தான். தெரு கைதட்டியது. சலவைக்கடைக்காரர் அவன் முதுகில் தட்டினார். பீரோக்காரர் வாயைத் திறந்தபடியே நின்றார்.

“சாவி எங்க?”

“சாவி...” மச்சினன் தலையைச் சொறிந்தான். “அது எங்கியோ இருக்கு சார். ஆனா மாமா இருக்காரே! பீரோல அவருக்குத் தெரியாத வித்தையா? மாமா, வாங்க, ஒரு கம்பியை விட்டுத் திறந்துடுங்க.”

பீரோக்காரர் முன்னால் வந்தார். கையில் ஒரு கம்பியைக் கொடுத்தார்கள். கம்பியால் பீரோ திறக்க அவருக்கு இந்த ஜென்மத்தில் தெரியாது. பூட்டை மறைத்துக் குனிந்து, ஒரு கையால் கம்பியை ஆட்டிக்கொண்டே, மறு கையால் சட்டைப் பைக்குள் துழாவினார். அந்த நேரம் பார்த்து சலவைக்கடைக்காரர் “ஆகா, அந்தப் பறவையைப் பாருங்க!” என்றார். மொத்தத் தெருவும் வானத்தைப் பார்த்தது. அதிகாரியும் பார்த்தார். சாவி உள்ளே போய்த் திரும்பி வெளியே வந்தது.

வானத்தில் பறவை எதுவும் இல்லை. ஆனால் அதை ஆராய அவருக்கு நேரம் இல்லை.

கதவைக் கழற்றிப் பீரோவைச் சாய்த்து உள்ளே கொண்டுபோனபோது, “மேல் பக்கத்தை முதல்ல விடு! பெயிண்ட்டு போகுது பாரு! என் வயித்துல அடிக்காதடா!” என்று பீரோக்காரர் கத்தியதை யாரும் சந்தேகமாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே வைத்துக் கதவைத் திரும்பப் பொருத்தியதும் தையல்காரம்மா அதைத் திறந்து, முதல் துணியை எடுத்து மாட்டினார். மாட்டிவிட்டு அந்த மலிவுத் தகட்டின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

இதற்குத்தானே ஆசைப்பட்டோம் என்று பீரோக்காரர் நினைத்தார். அந்த நினைப்பு வீடு போய்ச் சேரும்வரை நீடித்தது.

*

வீட்டில் மச்சினனுக்குப் பெரிய தம்ளரில் காப்பி.

“என் தம்பிக்குத் தங்கமான மனசு” என்றாள் மனைவி.

“என்ன தங்கம்? இவன்கிட்ட பஸ்ஸுக்கே...”

“ஏன், குடுக்கறவங்க காட்டிக்கிட்டா குடுப்பாங்க?”

மச்சினன் காப்பியை உறிஞ்சியபடி, “என்னமோ மாமா, மனசு நெறைஞ்சிருக்கு” என்றான்.

வீதியில் இறங்கினால் எல்லாரும் அவனுக்கு வணக்கம் வைத்தார்கள். பீரோக்காரர் சுவரோரமாக நடந்தார். ஒரு சமயம் சந்தோஷப்பட்டார், கூலி மேலே பத்திரமாக இருக்கிறது என்று. மறு சமயம் பல்லைக் கடித்தார். கடைசியில் போதகரிடம் போனார். போதகர் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

“பாஸ்டர், ஒரு சந்தேகம். ஒருத்தர் ரகசியமா ஒண்ணு குடுக்கறாரு. அதை இன்னொருத்தன் தன்னோடதுன்னு சொல்லிக்கறான். மேலே அது யார் பேர்ல சேரும்?”

போதகர் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். “யாரு அந்த ஒருத்தர்?”

“யாரோ. ஒரு பேச்சுக்கு.”

“அந்த இன்னொருத்தன் யாரு?”

“அவனும் பேச்சுக்குத்தான். ஆனா சரியான தடியன்.”

போதகர் சட்டென்று குனிந்து சங்கிலியைத் துடைக்க ஆரம்பித்தார். தோள்கள் குலுங்கின. நிமிர்ந்தபோது கண்ணில் நீர்.

“மேலே பேர் எழுதற வேலையே இல்லை, இலவசம்னுதானே அன்னிக்கும் சொன்னேன். ஒரு பிள்ளை அப்பாவுக்குப் பரிசு வாங்கித் தருது. பரிசுக்கு ஏது காசு? அதுவும் அப்பா குடுத்ததுதான். நீங்க... அந்த ஒருத்தர், பிழைச்சு வந்திருக்காரு இல்லே?”

“பிழைச்சாருன்னு நான் சொல்லவே இல்லையே!”

“ஒரு பேச்சுக்கு” என்றார் போதகர் அவசரமாக. “அந்த மூச்சு இலவசமா வந்ததா, பீரோ குடுத்து வாங்கினதா?”

“பீரோன்னும் நான் சொல்லலை, பாஸ்டர்.”

“நல்ல வெயில் இல்லே இன்னிக்கு?” என்று போதகர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

இலவசம். மறுபடி அதே வார்த்தை. ஆனால் இந்த முறை அது பீரோக்காரரின் நெஞ்சுத் தையல் பக்கமாகப் போய்க் கொஞ்சம் உட்கார்ந்தது.

*

தையல்காரம்மா வீட்டில் நன்றிக் கூட்டம் வைத்தார்கள். ஒற்றை அறைக்குள் தெரு முழுக்க நெருக்கியடித்து உட்கார்ந்தது. நல்ல நாற்காலி மச்சினனுக்கு. பீரோக்காரருக்கு முக்காலி. பீரோ பளபளவென்று துடைக்கப்பட்டு, உள்ளே துணிகள் வரிசையாகத் தொங்கின.

தையல்காரம்மா பேச எழுந்தார். “யார் குடுத்தாங்களோ...” என்று ஆரம்பித்தவருக்கு அதற்கு மேல் வரவில்லை. “அவங்க நல்லா இருக்கணும். நெஞ்சுல ஒரு குறையும் இல்லாம நீண்ட நாள் இருக்கணும்” என்று அழுதுகொண்டே உட்கார்ந்துவிட்டார். ‘யார் குடுத்தாங்களோவாமே! தடியன் எதிரே உக்காந்திருக்கான்!’ என்று பீரோக்காரர் நினைத்தார். அவனுக்கே இந்தப் பெண் நேராக நன்றி சொல்லவில்லையே என்று அதில் ஒரு அல்ப திருப்தியும் இருந்தது.

மச்சினனைப் பேசச் சொன்னார்கள்.

“நான் என்ன செஞ்சேன்? ஒண்ணுமே செய்யலை” என்றான் அவன். தெரு ஆமோதித்துத் தலையாட்டியது. “ஒரு துளிகூட என்னோடது இல்லை. சத்தியமாச் சொல்றேன், நான் ஒரு காசு செலவழிக்கலை.”

‘என்னமா நடிக்கிறான்!’ பீரோக்காரர் முக்காலியின் விளிம்பை இறுகப் பிடித்தார்.

அப்போதுதான் அடுத்த தெருவிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள், பக்கத்தில் இருந்தவரிடம், சபைக்கே கேட்கும் ரகசியக் குரலில் சொன்னார்:

“எவ்வளவு அடக்கம் பாரு அந்தப் பிள்ளைக்கு! அவன் மாமனும் இருக்காரே, கடை நெறைய பீரோ. ஏழைக்கு ஒண்ணு குடுத்திருப்பாரா? ஃபேன் இறக்கையில பேர் எழுதத்தான் தெரியும்.”

பீரோக்காரர் எழுந்தார். எழுந்ததை அவரே பிறகுதான் உணர்ந்தார்.

“அந்த பீரோவை வாங்கினது நான்!” என்றார்.

மனைவி போதகரைப் பார்த்தாள்.

“நான்தான்! ரெண்டு பஸ் மாறிப் போய், அந்த மட்டமான தகட்டை, முழு விலைக்கு...”

முடிக்க விடவில்லை. போதகர் திடீரென்று உச்ச ஸ்தாயியில் ஒரு பாட்டை எடுத்தார். அடுத்த நொடி மொத்தத் தெருவும் சேர்ந்துகொண்டது. மச்சினன் மேஜையில் தாளம் போட்டான். மனைவி, வாழ்நாளில் பாடியே கேட்டிராத மனைவி, கண்ணை மூடிக்கொண்டு அலறினாள். அடுத்த தெரு அம்மாளும் பயந்துபோய்ப் பாடினார்.

“நான் சொல்றேன், கேளுங்க, அது என்...”

குரல்கள் இன்னும் ஏறின. தையல்காரம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணீர் வழிய, எல்லாரையும்விட உரக்கப் பாடிக்கொண்டிருந்தார்.

பீரோக்காரர் வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். ஆண்டவருக்கு என்று வைத்தது ஒன்றே ஒன்று. அதையும் வாயால் தின்றாயிற்று. மேலே இனி அவர் பேரில் ஒரு பிஸ்கட் டின்கூட இல்லை.

ஆனாலும் வேடிக்கை, காற்று வந்தது. உள்ளே பாட்டு, திறந்த கதவு வழியே வரிசையாகத் தொங்கும் துணிகள். மூச்சு சீராக வந்து போனது. கையில் ஒன்றும் இல்லாதவனுக்கும் அது வந்து போய்க்கொண்டுதான் இருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், நன்றி என்றார்.

சலவைக்கடைக்காரர் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“குடிங்கண்ணே, ஆறிடும்.”

“போச்சுய்யா. எல்லாம் போச்சு.”

“என்ன போச்சு?”

“நான் உள்ள கத்தினது காதுல விழலையா உனக்கு?”

“எனக்கா? ஒருத்தருக்கும் விழலையே. அதுக்குத்தானே அந்தப் பாட்டு பாடினோம்.”

பீரோக்காரர் தம்ளரோடு திரும்பி அவரைப் பார்த்தார். சலவைக்கடைக்காரர் அவர் முழங்கையை ஆதரவாகத் தட்டிக் கொடுத்தார்.

“மனசை விட்டுடாதீங்கண்ணே. ஆபரேஷன் மயக்கம் தெளியறப்ப, கட்டிலைச் சுத்தி நின்ன எங்க அத்தனை பேர் கையையும், அந்தம்மா கையையும் சேர்த்து, ஒவ்வொண்ணாப் பிடிச்சு, ‘தையல்காரம்மாவுக்கு ஒரு பீரோ குடுக்கப்போறேன், தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க’ன்னு அழுதீங்களே, அன்னியிலேருந்து இந்த நிமிஷம் வரைக்கும் நாங்க யார்கிட்டயும் சொல்லலைண்ணே.”